பையில் தெரியாது, கணக்கில் தெரியும்: நீர்த்த கீமோ மருந்தைக் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

ஜெம்சைட்டபின் என்ற புற்றுநோய் மருந்து கலந்த டிரிப்ஸ் பை ஒன்று, வெறும் சலைன் பை ஒன்று. இரண்டையும் ஒரே ஸ்டாண்டில் தொங்கவிட்டால் இருபது வருட அனுபவம் உள்ள நர்ஸாலும் எது எது என்று சொல்ல முடியாது. இரண்டும் நிறமற்றவை, இரண்டுக்கும் வாசனை இல்லை, இரண்டும் ஒரே வேகத்தில் சொட்டும். லேபிளில் நோயாளியின் பெயரும் 1,600 மி.கி. என்ற அளவும் ஒட்டியிருக்கும். அந்த லேபிளை ஒட்டியவர் மேல் உள்ள நம்பிக்கையைத் தவிர, மருந்து உள்ளே இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி கிடையாது.

அமெரிக்காவின் மிசௌரி மாநிலம் கன்சாஸ் சிட்டியில் ராபர்ட் கோர்ட்னி என்ற மருந்தாளுநர் இந்த ஓட்டையில்தான் புகுந்தார். ரிசர்ச் மெடிக்கல் டவர் என்ற கட்டடத்தில் அவருடைய மருந்துக்கடை இருந்தது. புற்றுநோய் மருத்துவர்கள் சீட்டு அனுப்புவார்கள். அவர் கலந்து, பையில் அடைத்து, மாடிக்கு அனுப்புவார். போதகரின் மகன், சபையில் டீக்கன், கட்டட நிதிக்குப் பத்து லட்சம் டாலர் தருவதாக வாக்குக் கொடுத்தவர். 2001 ஆகஸ்டில் அவர் கைதானபோது, ஜெம்சார் (ஜெம்சைட்டபினின் வணிகப் பெயர்), டாக்ஸால் (பாக்லிடாக்செலின் வணிகப் பெயர்) போன்ற விலை உயர்ந்த மருந்துகளை நீர்க்கச் செய்து விற்றிருந்தது வெளியே வந்தது. 1992-இலிருந்து அவர் செய்த வேலையால் 98,000 மருந்துச்சீட்டுகள் வரையும், சுமார் 4,200 நோயாளிகள் வரையும் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பது விசாரணை அமைப்புகளின் மதிப்பீடு.

ஒன்பது வருடம் ஓடிய மோசடி இது. அதை உடைத்தது நோயாளியின் உடல் காட்டிய அறிகுறி அல்ல, மருந்துத் துறை ஆய்வாளரும் அல்ல. ஒரு மெடிக்கல் ரெப் போட்ட கூட்டல் கழித்தல்தான் உடைத்தது. இந்த வழிகாட்டியின் அச்சாணியும் அந்தக் கணக்குதான். வெளியில் கலந்த ஊசி மருந்தை வாங்கிப் போடும் கிளினிக்குகள், மருத்துவமனை மருந்தகப் பொறுப்பாளர்கள், நர்ஸுகள் ஆகியோருக்காக எழுதியது. நோயாளியின் வீட்டாருக்கு வேண்டியது கடைசிப் பகுதியில் தனியாக இருக்கிறது.

முதலில், என்ன குற்றம் என்று பெயர் வையுங்கள்

எல்லாவற்றையும் "கலப்படம்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். புகார் எழுதும்போது அது உதவாது. குறைந்தது நான்கு வேறு விஷயங்கள் இதில் உண்டு. சீட்டில் உள்ளதைவிடக் குறைவான மருந்தைப் பையில் போடுவது ஒன்று. விலை உயர்ந்த மருந்துக்குப் பதில் மலிவான வேறொன்றைப் போடுவது இன்னொன்று. காலாவதியான அல்லது யாரோ திருப்பிக் கொடுத்த மருந்தை மறுபடி விற்பது மூன்றாவது. போடாத மருந்துக்குக் காப்பீட்டில் முழுப் பணம் வாங்குவது நான்காவது. ஒவ்வொன்றுக்கும் தேவையான சாட்சி வேறு. முதலிரண்டையும் ஆய்வகம்தான் நிரூபிக்கும், மூன்றாவதை பேட்ச் நம்பர், நான்காவதை பில்.

கோர்ட்னி மேல் இருந்த 20 குற்றச்சாட்டுகளும் இப்படித்தான் பிரிந்தன: நுகர்பொருளில் கைவைத்தது 8, மருந்தைக் கலப்படம் செய்தது 6, பொய் லேபிள் ஒட்டியது 6. முதல் எட்டுக்கும் அடிப்படையான சட்டம் 1983-இல் வந்தது. அதற்கு முந்தைய வருடம் சிகாகோ வட்டாரத்தில் டைலனால் மாத்திரைப் புட்டிகளில் யாரோ சயனைடு கலந்து ஏழு பேர் இறந்ததுதான் அந்தச் சட்டம் பிறக்கக் காரணம். கடை அலமாரியில் முகம் தெரியாத ஒருவன் செய்வதைத் தடுக்க எழுதிய சட்டம், கடைக்காரர் மேலேயே பாய்ந்தது.

படி 1: வாங்கிய மில்லிகிராம், விற்ற மில்லிகிராம்

ஒரு விதியை மனதில் வையுங்கள். நேர்மையான மருந்தகம் விற்பதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே வாங்கும். ஜெம்சைட்டபின் 200 மி.கி., 1 கிராம் குப்பிகளில் வருகிறது. நோயாளிக்கு 1,540 மி.கி. வேண்டுமென்றால் ஒரு 1 கிராம் குப்பியும் மூன்று 200 மி.கி. குப்பிகளும் உடைக்க வேண்டும். 60 மி.கி. வீணாகும். இப்படி மிச்சம் சேர்ந்து சேர்ந்து, வாங்கிய அளவு விற்ற அளவைத் தாண்டித்தான் நிற்கும். தலைகீழாக இருந்தால், இல்லாத மருந்து எங்கிருந்தோ வந்திருக்கிறது என்று அர்த்தம்.

கன்சாஸ் சிட்டியில், ஜெம்சாரைத் தயாரித்த எலை லில்லி நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதி டாரில் ஆஷ்லி கவனித்தது இதைத்தான். கோர்ட்னி கடை வாங்கிய ஜெம்சார் ஒரு அளவு. அந்தக் கடை பெண் இனப்பெருக்க உறுப்புப் புற்றுநோய் மருத்துவர் வெர்டா ஹண்டரின் கிளினிக்குக்கு மட்டும் விற்ற ஜெம்சார் அதைவிடப் பெரிய அளவு. 2001-இல் இதை அவர் அந்தக் கிளினிக்கில் பேச்சுவாக்கில் சொல்லப்போய்த்தான் ஹண்டர் விழித்துக்கொண்டார்.

உங்கள் கிளினிக்கில் செய்ய வேண்டியது இது. ஒரே ஒரு மருந்தை எடுங்கள், விலை அதிகமானதாகப் பார்த்து. மூன்று மாதக் காலத்தை எடுங்கள். அந்தக் காலத்தில் அந்த மருந்தகம் உங்களுக்கு பில் போட்ட மொத்த மில்லிகிராமைக் கூட்டுங்கள். பிறகு மருந்தகத்திடம் அதே காலத்துக்கான ஹோல்சேல் இன்வாய்ஸ்களை, பேட்ச் நம்பரோடு, கேளுங்கள். தணிக்கைக்காக என்று சொன்னால் போதும். ஒப்பந்தம் போடும்போதே இந்த உரிமையை ஒரு வரியாக எழுதி வாங்கியிருந்தால் கேட்கும்போது முகம் சுளிக்க மாட்டார்கள்.

உதாரணத்துக்கு, 62 டோஸ், மொத்தம் 96,400 மி.கி. என்று பில் வந்திருக்கிறது. இன்வாய்ஸில் 1 கிராம் குப்பி 20, 200 மி.கி. குப்பி 40. அதாவது 28,000 மி.கி. வகுத்தால் 0.29. நூறு மி.கி.க்குப் பணம் கொடுத்து இருபத்தொன்பது மி.கி. வாங்கியிருக்கிறீர்கள்.

இந்தக் கணக்கு எங்கெல்லாம் தப்பாகும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மருந்தகம் இரண்டு மூன்று டீலர்களிடம் வாங்கலாம். ஒரே டீலரின் கணக்கை வைத்துக் குற்றம் சாட்டினால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான். முந்தைய காலாண்டின் கையிருப்பு இருக்கலாம், அதனால் தொடக்க இருப்பையும் இறுதி இருப்பையும் கேளுங்கள். குப்பிகளில் லேபிள் அளவுக்கு மேல் சிறிது கூடுதலாக நிரப்புவது வழக்கம். ஒரே நாளில் நான்கு நோயாளிக்குக் கலக்கும் இடத்தில் மிச்சத்தைச் சேர்த்துப் பயன்படுத்தினால் விகிதம் 1-க்குச் சற்றுக் கீழே, 0.95 வரைகூட இறங்கும். அது மோசடி அல்ல, சிக்கனம். ஆனால் சிக்கனத்தால் 0.3 வராது. 0.9-க்குக் கீழே போனால் அடுத்த படிக்குப் போங்கள். 0.95-க்கும் 0.9-க்கும் நடுவே நின்றால் இன்னொரு காலாண்டை எடுத்துப் பாருங்கள்.

அந்த மருந்தகம் மற்ற கிளினிக்குகளுக்கும் விற்கும். அவர்கள் அளவு உங்களுக்குத் தெரியாது. பரவாயில்லை, தெரியாதவரை கணக்கு மருந்தகத்துக்குச் சாதகமாகவே இருக்கும். உங்களுக்கு விற்றது மட்டுமே மொத்தக் கொள்முதலைத் தாண்டிவிட்டது என்றால் அதற்குமேல் விவாதம் இல்லை.

படி 2: நோயாளியின் ரத்தப் பரிசோதனையைக் கூட்டாகப் பாருங்கள்

"கீமோ போட்டும் முடி கொட்டவில்லை, நன்றாகத் தாங்குகிறார்" என்று சந்தோஷப்படும் இடம் இது. தனி ஒரு நோயாளியை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். சிலர் உடம்பு அப்படித்தான். ஆனால் ஒரே மருந்தகத்திலிருந்து மருந்து வாங்கிய பத்துப் பதினைந்து பேரைச் சேர்த்துப் பார்த்தால் வேறு கதை தெரியும்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை முழு டோஸ் பாக்லிடாக்செல் போட்டால் முடி கொட்டாமல் இருப்பது அபூர்வம். நியூட்ரோபில் என்ற வெள்ளணுக்களின் எண்ணிக்கை இரண்டாம் வாரத்தை ஒட்டி நன்றாக இறங்கி, மூன்றாம் வார முடிவுக்குள் ஏறும். கார்போபிளாட்டினில் அடி வாங்குவது பிளேட்லெட், மூன்றாம் வாரத்தை ஒட்டி. பதினைந்து பேரின் வரைபடத்திலும் இந்தப் பள்ளம் இல்லை என்றால் சந்தேகப்படலாம். வெள்ளணு ஏற்றும் ஊசி போட்டவர்களை முதலிலேயே பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அவர்களிடம் பள்ளம் தெரியாததற்குக் காரணம் அந்த ஊசி. அடுத்த கீமோ சுழற்சிக்கு முந்தைய நாள் மட்டும் ரத்தம் எடுக்கும் கிளினிக்குகளில் பள்ளம் எப்போதுமே பிடிபடாது, அதற்குள் எண்ணிக்கை ஏறியிருக்கும்.

இது துணைச் சாட்சி மட்டுமே. புற்றுநோய் கட்டுப்படாமல் போவதற்கு நூறு காரணம் உண்டு என்பதுதான் இந்தக் குற்றத்தைச் செய்பவருக்குக் கிடைக்கும் மிகப் பெரிய மறைவிடம். மருந்து வேலை செய்யவில்லை என்றால் மருத்துவரும் வீட்டாரும் நோயைத்தான் நொந்துகொள்வார்கள்.

படி 3: கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள்

டாக்ஸோரூபிசின் சிவப்பாக இருக்கும், அதனால் அதில் ஏமாற்ற முடியாது என்று வார்டில் சொல்வதுண்டு. மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தாலும் அது சிவப்புதான். சரியான அளவில் கலந்த இன்னொரு பையைப் பக்கத்தில் வைத்தால் ஒழிய வித்தியாசம் தெரியாது. பாக்லிடாக்செல் ஆமணக்கு எண்ணெய் சார்ந்த கரைப்பானில் வருவதால் குலுக்கினால் நுரைக்கும், சலைன் நுரைக்காது. ஆனால் நீர்த்த பாக்லிடாக்செலும் நுரைக்கும். வெறும் சலைனா என்று வேண்டுமானால் இது காட்டிக்கொடுக்கும், பாதி மருந்தா என்பதைக் காட்டாது. ஜெம்சைட்டபின், கார்போபிளாட்டின், சிஸ்பிளாட்டின் விஷயத்தில் கண்ணுக்கு வேலையே இல்லை.

படி 4: மாதிரி எடுப்பது

பெரும்பாலான புகார்கள் சறுக்கி விழுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் போகலாம்.

யாருக்கும் சொல்லாதீர்கள். கிளினிக்கில் இரண்டு பேருக்குத் தெரிந்தால் போதும்: மருத்துவர், மாதிரி எடுப்பவர். வழக்கமான ஆர்டரை வழக்கம்போலக் கொடுங்கள். பை வந்ததும் அதை நோயாளிக்குப் போடாமல் ஒதுக்கி, வேறு இடத்தில் வாங்கிய குப்பியிலிருந்து நோயாளிக்கு மருந்து கலந்து போடுங்கள். சந்தேகப் பையைப் போட்டுவிட்டு மிச்சத்தில் மாதிரி எடுக்கலாம் என்ற யோசனையே வேண்டாம்.

பை கைக்கு வந்த நேரம், கொண்டுவந்தவர், வாங்கியவர் ஆகிய விவரங்களைக் குறித்துக்கொண்டு, லேபிள் தெரிய நான்கு பக்கமும் படம் எடுங்கள். பிறகு எடை போடுங்கள். எடை ஏன் என்றால், 250 மி.லி. என்று அச்சிட்ட சலைன் பையில் 250 மட்டும் இருக்காது. கூடுதலாக நிரப்பியிருப்பார்கள், 270-ஐ ஒட்டி இருப்பது சாதாரணம். அதில் மருந்துக் கரைசல் வேறு சேரும். 1 கிராம் ஜெம்சைட்டபின் குப்பியை 25 மி.லி. சலைனில் கரைத்தால் மி.லி.க்கு 38 மி.கி. கிடைக்கும். 1,600 மி.கி.க்கு 42 மி.லி. ஆக, பையில் மொத்தம் 312 மி.லி.

இப்போது ஒரு நேர்மையான பையை ஆய்வகத்துக்கு அனுப்பியதாக வையுங்கள். அவர்கள் மி.லி.க்கு 5.13 மி.கி. என்று சரியாகவே சொல்வார்கள். நீங்கள் லேபிளை நம்பி 250-ஆல் பெருக்கினால் 1,282 மி.கி. வரும். ஐந்தில் ஒரு பங்கு மருந்தைக் காணோம் என்று ஒரு நல்ல மனிதர் மேல் பழி விழும். 312-ஆல் பெருக்கினால் 1,600 நேராக வரும். சில மருந்தகங்கள் மருந்து சேர்ப்பதற்கு முன் அதே அளவு சலைனை வெளியே எடுத்துவிடும், சில எடுக்காது. ஊகிக்காமல் எடை போட்டு, அதே வகைக் காலிப் பையின் எடையைக் கழியுங்கள். ஒரு கிராமை ஒரு மி.லி. என்று வைத்துக்கொண்டால் வரும் பிழை மிகச் சிறியது.

அடுத்து, பையை மெதுவாகப் பத்து முறை தலைகீழாகப் புரட்டுங்கள். சேர்த்த மருந்து ஊசி குத்திய வாயருகே தேங்கி நிற்கும். புரட்டாமல் எடுத்தால் ஒரு மாதிரியில் அதிகமாகவும் இன்னொன்றில் குறைவாகவும் வரும். பிறகு சைட்டோடாக்சிக் (செல்களைக் கொல்லும்) மருந்துக்கான கையுறை போட்டு, 5 மி.லி. வீதம் மூன்று மாதிரி எடுங்கள். ஒன்று ஆய்வகத்துக்கு, ஒன்று மறு ஆய்வுக்கு, ஒன்று விசாரணை அதிகாரிக்கு. மூன்றுக்கும் முத்திரை, எண், கையெழுத்து வேண்டும். மிச்சப் பையையும் கொட்டாதீர்கள்.

சேமிக்கும் வெப்பநிலையில் ஒரு பொறி இருக்கிறது. மாதிரி என்றாலே ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும் என்பது நம் எல்லோருக்கும் பழக்கம். கரைத்த ஜெம்சைட்டபினை ஃபிரிட்ஜில் வைத்தால் படிகமாக அடியில் இறங்கிவிடும். மேலே உள்ள திரவத்தை மட்டும் ஆய்வு செய்தால் மருந்து குறைவு என்று வரும். சிஸ்பிளாட்டினும் குளிரில் படியும், அதற்கு வெளிச்சமும் ஆகாது. இரண்டையும் அறை வெப்பத்திலேயே வையுங்கள். ஜெம்சைட்டபினுக்கு 24 மணி நேரம்தான் கெடு, அதற்குள் ஆய்வகம் போய்ச் சேர வேண்டும். கார்போபிளாட்டினையும் சிஸ்பிளாட்டினையும் அலுமினியம் உள்ள ஊசியால் தொடாதீர்கள், உலோகத்தோடு வினைபுரிந்து கருக்கும். பாக்லிடாக்செலுக்குப் பிவிசி பாத்திரம் கூடாது, கண்ணாடி நல்லது.

படி 5: ஆய்வகத்துக்கு எப்படி அனுப்புவது

தேவை, கரைசலில் உள்ள மருந்தைப் பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சி என்ற கருவி உள்ள, அந்த மருந்துக்கு முறை வைத்திருக்கும் ஆய்வகம். ரத்தப் பரிசோதனை மையத்தால் ஆகாது. ஒரே ஒரு மாதிரியை அனுப்பாமல் மூன்றாக அனுப்புங்கள்: சந்தேகப் பையிலிருந்து ஒன்று, நீங்களே சாட்சியோடு சரியான அளவில் கலந்த பையிலிருந்து ஒன்று, வெறும் சலைன் ஒன்று. எண் மட்டும் ஒட்டுங்கள், எது எது என்று சொல்லாதீர்கள். நீங்கள் கலந்தது 100-ஐ ஒட்டியும் சலைன் பூஜ்யமும் வந்தால்தான் நடுவில் வரும் எண்ணை நம்பலாம்.

விடை வந்ததும் மொத்த அளவால் பெருக்குங்கள். மேலே சொன்ன 312 மி.லி. பையில் மி.லி.க்கு 1.6 மி.கி. என்று வந்தால் மொத்தம் 499 மி.கி., சீட்டில் எழுதியதில் 31 விழுக்காடு. கலந்த மருந்துக்குப் பொதுவாக ஏற்கும் எல்லை 90 முதல் 110 வரை. 85 வந்தால் கலப்பவரின் கைப்பிழையாக இருக்கலாம், இன்னொரு பை எடுங்கள். பாதிக்குக் கீழே என்றால் கைப்பிழை என்று சொல்லித் தப்ப முடியாது.

ஹண்டர் அனுப்பிய மாதிரியில் இருக்க வேண்டிய மருந்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. விசாரணையாளர்கள் காட்டிய ஒரு உதாரணத்தில், 1,900 மி.கி. ஜெம்சாருக்கு 1,021 டாலர் வாங்கிக்கொண்டு 450 மி.கி. மட்டும் போட்டிருந்தார் கோர்ட்னி. ஒரே பையில் 779 டாலர் மிச்சம்.

படி 6: விடை கையில் வந்த அன்று

இரண்டு கடமைகள் ஒன்றோடொன்று மோதும் நாள் இது. இனி ஒரு நோயாளிக்கும் அந்தப் பை போகக் கூடாது. அதே நேரத்தில் ஆர்டரை நிறுத்தினால் மருந்தகக்காரருக்கு மூக்கில் வியர்க்கும், மறுநாளே கணக்குப் புத்தகம் காணாமல் போகும். கன்சாஸ் சிட்டியில் இதற்குக் கண்ட வழி நல்ல வழி. ஹண்டர் அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகத்தின் குற்றப் புலனாய்வுப் பிரிவையும் எஃப்பிஐயையும் அணுகினார். அவர்கள் சொன்னபடி, இல்லாத நோயாளிக்கான ஆர்டர்கள் கோர்ட்னி கடைக்குப் போயின. வந்த பைகள் நேராக அதிகாரிகள் கைக்குச் சென்றன. அவற்றிலும் மருந்து மிகக் குறைவு. 2001 ஆகஸ்ட் 13-இல் கடையைச் சோதனை போட்டார்கள், 15-ஆம் தேதி அவர் சரணடைந்தார். அதிகாரிகளை அணுகியதிலிருந்து கைது வரை சில வாரங்கள்தான்.

இந்த வரிசையில் நீங்கள் செய்யக் கூடாத ஒன்று உண்டு: போனை எடுத்து "என்ன சார், இப்படிப் பண்ணிட்டீங்களே" என்று கேட்பது. பழகிய மனிதர், வீட்டு விசேஷத்துக்கு வந்தவர், ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்று தோன்றும். கேட்டால் "புதுப் பையன் தப்பாகக் கலந்துவிட்டான்" என்ற பதிலும், சுத்தமாகத் துடைத்த மேசையும்தான் மிஞ்சும்.

பொறி வைத்து வாங்குவதை நீங்களே செய்யாதீர்கள். முதல் மாதிரி உங்களுடையது. அதற்குப் பிந்தையவை அதிகாரியின் கண் முன்னால், அவர் முத்திரையோடு நடக்க வேண்டும். பை கடையிலிருந்து ஆய்வகம் வரை யார் யார் கையில் எத்தனை மணி வரை இருந்தது என்ற சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் எதிர்த்தரப்பு வக்கீல் அதில்தான் தொங்குவார்.

படி 7: பழைய நோயாளிகளைத் தேடுதல்

செய்தி வெளியானதும் எஃப்பிஐ தனித் தொலைபேசி எண் திறந்தது, அழைப்புகள் கொட்டின. தன் தாய்க்கு, மனைவிக்கு ஏறியது மருந்தா தண்ணீரா என்று கேட்டவர்களுக்குச் சொல்ல யாரிடமும் உறுதியான பதில் இல்லை. பைகள் எப்போதோ குப்பைக்குப் போய்விட்டன.

அதனால்தான் ஒவ்வொரு டோஸுக்கும் பேட்ச் நம்பர், கலந்தவர் பெயர், வந்த மருந்தகம் ஆகியவை சிகிச்சைத் தாளில் ஏற வேண்டும். சிகிச்சையில் இருப்பவர்களை முதலில் கூப்பிடுங்கள். அவர்களிடம் மருத்துவர் கவனிக்க வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. நீர்த்த மருந்தை "நன்றாகத் தாங்கினார்" என்று நம்பி டோஸை ஏற்றியிருப்பீர்கள். அதே ஏற்றிய டோஸை இப்போது உண்மையான மருந்தில் கொடுத்தால் எலும்பு மஜ்ஜை படுத்துவிடும். முந்தைய சுழற்சிகள் நடக்கவே இல்லை என்று வைத்து, உடல் பரப்பளவையும் சிறுநீரகச் செயல்பாட்டையும் புதிதாகக் கணக்கிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். "இந்த மருந்துக்குக் கட்டி மசியவில்லை" என்று எழுதி வேறு மருந்துக்கு மாற்றிய நோயாளிகளின் கோப்பையும் திரும்ப எடுங்கள். மசியாதது மருந்துக்கா சலைனுக்கா என்பது இப்போது திறந்த கேள்வி.

தண்டனை பற்றி ஒரு வார்த்தை

2002 பிப்ரவரியில் கோர்ட்னி 20 குற்றச்சாட்டுகளையும் ஒப்புக்கொண்டார். டிசம்பரில் நீதிபதி ஆர்ட்ரி ஸ்மித் 30 ஆண்டுச் சிறை விதித்தார். பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் ஈடு கட்டவும் உத்தரவு. கொலை வழக்கு ஏன் இல்லை என்று கேட்காதவர் இல்லை. முற்றிய புற்றுநோயில் இறந்த ஒருவர், முழு மருந்து ஏறியிருந்தால் பிழைத்திருப்பார் என்று சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிப்பது மிகக் கடினம். பையில் மருந்து குறைவு என்பதை நிரூபிக்க ஆய்வறிக்கை போதும். உரிமையியல் வழக்கில் நிலைமை வேறு. 2002 அக்டோபரில் ஒரே ஒரு நோயாளியின் வழக்கில் ஜூரி 220 கோடி டாலர் தீர்ப்பளித்தது. அவ்வளவு பணம் அவரிடம் இல்லை என்பது ஜூரிக்கும் தெரியும்.

இனி நடக்காமலிருக்க: கலக்கும் மேசையை மாற்றுங்கள்

குப்பி உடைவதற்கும் பை மூடுவதற்கும் இடைப்பட்ட சில நிமிடங்களில் ஒரே ஒருவர் தனியாக இருப்பதுதான் ஓட்டை. முடிந்தால் கலப்பதை உங்கள் கூரைக்குள் கொண்டுவாருங்கள். முடியாவிட்டால் சில விஷயங்களை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். இரண்டாமவர் குப்பியையும் சிரிஞ்சில் இழுத்த அளவையும் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். கலப்பதற்கு முன்னும் பின்னும் பையின் எடை பதிவாக வேண்டும். நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஒரு பை, முன்னறிவிப்பின்றி, மாதம் ஒருமுறை ஆய்வகம் போகும். ஒன்றே ஒன்றுதான் எழுத முடியும் என்றால் கடைசியானதை எழுதுங்கள். எடையிலும் ஏமாற்றலாம், மருந்து கரைசலுக்குப் பதில் அதே எடைக்குச் சலைன் சேர்த்தால் தராசு ஒன்றும் சொல்லாது. எந்தப் பை போகும் என்று தெரியாத இடத்தில் எல்லாப் பையையும் சரியாகக் கலந்தாக வேண்டும்.

நம் நாட்டில் ஓட்டை வேறு இடத்தில்

இந்தியாவில் பெரும்பாலும் வீட்டார் குப்பியை மெடிக்கலில் வாங்கி வார்டில் கொடுக்க, நர்ஸ் கலக்கிறார். இங்கே சந்தேகம் குப்பி மேலேயே வர வேண்டும். 2024 மார்ச்சில் டெல்லி போலீஸ் பிடித்த கும்பல், விலை உயர்ந்த புற்றுநோய் மருந்துகளின் காலிக் குப்பிகளை மருத்துவமனைகளில் வேலை பார்த்தவர்கள் மூலம் வாங்கி, பூஞ்சைத் தொற்றுக்கான ஃப்ளுகோனசோல் நிரப்பி விற்றது. குப்பி அசல், லேபிள் அசல், உள்ளே இருந்தது மட்டும் போலி.

எனவே பில் இல்லாமல் வாங்காதீர்கள். "பாதி விலைக்குக் கிடைக்கும், பில் மட்டும் கேட்காதீங்க" என்று சொல்பவர் விற்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட குப்பிதான். பில்லில் உள்ள பேட்ச் நம்பரும் அட்டைப்பெட்டியில் உள்ளதும் குப்பியில் உள்ளதும் ஒன்றுதானா என்று மூன்றையும் பாருங்கள். ரப்பர் மூடியின் மேல் உள்ள பிளாஸ்டிக் தொப்பி கழன்றிருந்தாலோ, அலுமினிய வளையத்தில் நெளிவு இருந்தாலோ, ரப்பரில் ஊசி குத்திய புள்ளி தெரிந்தாலோ திருப்பிக் கொடுங்கள். மருந்தை உங்கள் கண் முன்னால் உடைக்கச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். "சிஸ்டர், ஏத்தினதும் காலிக் குப்பிய ஒரு தடவ காட்டுங்க" என்றால் பெரும்பாலும் காட்டுவார்கள்.

சந்தேகம் வந்தால், 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் 26-ஆம் பிரிவு உங்களுக்கானது. தான் வாங்கிய மருந்தை எவரும் கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் பரிசோதனைக்குக் கொடுக்கலாம். பில்லும் உடைக்காத குப்பியும் கையில் இருக்கட்டும். அதே பேட்ச்சில் இரண்டு வாங்கியிருந்தால் ஒன்றைத் தொடாமல் வையுங்கள். கூடவே மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். கடையில் போய்ச் சட்டப்படி மாதிரி எடுத்து, பிரித்து முத்திரையிடும் அதிகாரம் மருந்து ஆய்வாளருக்குத்தான். வழக்கு நிற்பதும் அந்த மாதிரியின் மேல்தான். மரணமோ கொடுங்காயமோ விளைவிக்கக்கூடிய போலி, கலப்பட மருந்தை விற்றால் அதே சட்டத்தின் 27-ஆம் பிரிவின் கீழ் குறைந்தது பத்து ஆண்டுச் சிறை, அதிகபட்சம் ஆயுள். பொதுக் குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 276 முதல் 278 வரையிலான பிரிவுகளும் மருந்துக் கலப்படத்துக்கானவைதான், ஆனால் தண்டனை அதைவிட மிகக் குறைவு. புகாரில் 1940 சட்டப் பிரிவை முதலில் எழுதுங்கள்.

மருந்து ஏறி முடிந்ததும் காலிக் குப்பியின் லேபிளைப் பெர்மனன்ட் மார்க்கரால் குறுக்கே கோடிட்டு, பேட்ச் நம்பரைப் படம் எடுத்துக்கொண்டு, அட்டைப்பெட்டியைக் கிழித்துவிடுங்கள். குப்பியை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டாம். அது சைட்டோடாக்சிக் கழிவு, வார்டில் உள்ள மஞ்சள் வாளிக்குத்தான் போக வேண்டும், உங்கள் கண் முன்னால்.